ஒரு கிலோமீட்டர் இடுக்கு

மரக்கப்பலைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு மரம் தெரிகிறது. அதைக் கட்டுகிறவர்களின் கண்ணுக்கு முதலில் தெரிவது இடுக்கு. 27 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் இருக்கும் அதன் வயிற்றை 20 சென்டிமீட்டர் அகலப் பலகைகளால் மூட ஏறத்தாழ 40 வரிசைகள் வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் கப்பலின் நீளம் முழுக்க ஓர் இடுக்கு ஓடும். அத்தனையையும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

இரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரே ஒரு மில்லிமீட்டர் இடுக்கு திறந்துகொண்டால் என்ன ஆகும்? அந்த ஆழத்தில் கடல் ஒவ்வொரு சதுர மீட்டரையும் இரண்டு டன் எடையோடு அழுத்துகிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே பாயும். ஒரு கிலோமீட்டர் இடுக்கில் ஒரு மீட்டர் தவறினாலே இந்தக் கதி.

பல நூற்றாண்டுகளாகக் கடலோடிகள் இந்த இடுக்குகளை அடைத்த பொருள் பிரித்தெடுத்த நார். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் உழைத்துத் தேய்ந்த பழைய கயிற்றிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஓக்கம் என்று பெயர். நம் கடற்கரைகளில் பஞ்சும் தேங்காய் நாரும் அந்த வேலையைச் செய்தன. அடைக்கும் தொழிலுக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். தூக்கிப் போடும் நிலையில் இருந்த கந்தல் கயிறு எப்படிக் கடலைத் தடுத்து நிறுத்தியது என்பது, நான் அறிந்த பொறியியல் கதைகளில் மிக அழகான ஒன்று.

முதலில் அந்த நார் எப்படி உருவானது என்று பார்க்கலாம். பாய்மரக் கப்பலின் கயிறுகள் ஹெம்ப் நாரில் முறுக்கியவை. கஞ்சாச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஹெம்ப்பின் தண்டுநார் நீளமானது, வலிமையானது. உப்புநீரில் மக்காமலிருக்க அந்தக் கயிறுகளுக்குத் தார் ஏற்றுவார்கள். இந்தத் தார் சாலை போடும் தார் அல்ல. பைன் மர வேர்களையும் கட்டைகளையும் காற்றுப் படாமல் மெல்லச் சுடும்போது வடிகிற பழுப்பு நிறக் குழம்பு அது. அதில் உள்ள பிசின் அமிலங்கள் தண்ணீரை ஒட்டவிடாது; பீனால் வகைச் சேர்மங்கள் பூஞ்சையை அண்டவிடாது. கயிறு தேய்ந்து பாரம் தாங்காத நிலைக்கு வந்ததும் அதைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். புரி புரியாகப் பிரித்து, பிறகு விரல் நகத்தால் இழை இழையாகக் கிழித்து, கடைசியில் சிக்கலான பஞ்சுக் குவியலாக ஆக்குவார்கள். தார் ஏற்கெனவே இழைக்குள் ஊறியிருக்கும். இழைகளும் உழைத்து உழைத்து மென்மையாகியிருக்கும்.

இனி இடுக்கின் அருகே போவோம். இரண்டு பலகைகள் சேருமிடத்தில் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும், வெளிவிளிம்புகள் தொடாது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு வடிவம். வெளியே அகன்று உள்ளே குறுகிப் போகும் இந்தப் பள்ளம் வேண்டுமென்றே சீவிச் செய்தது. கலப்பற்றுக்காரர் நாரைத் தொடையில் வைத்து உருட்டித் தளர்வான திரியாக்குவார். அதை இடுக்கின் வாயில் வைத்து, முனை மழுங்கிய அகலமான இரும்பு உளியால் சிறு சிறு மடிப்பாக உள்ளே செருகுவார். பிறகு கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் அடி. ஒரு சுற்று முடிந்ததும் அதன்மேல் இன்னொரு திரி. கனமான பலகை என்றால் மூன்றாவதும் உண்டு. கடைசியில் காய்ச்சிய கீலை, அதாவது கெட்டியாக்கிய தாரை, ஊற்றி வாயை மூடிவிடுவார்.

இந்தக் கொட்டாப்புளி தனி வகை. தலை நீளமாக, இரு முனைகளிலும் இரும்பு வளையம் பூட்டி, நடுவில் நீளவாக்கில் பிளவு வெட்டியிருக்கும். அந்தப் பிளவினால் ஒவ்வொரு அடியும் கணீரென்று ஒலிக்கும். நார் தளர்வாக இருக்கும்போது ஒலி ஒரு விதம். இறுகியபின் வேறு விதம். அனுபவசாலி கண்ணால் பார்த்து நிறுத்துவதில்லை. காதால் கேட்டு நிறுத்துகிறார். அமெரிக்கப் பட்டறைகளில் இந்தத் தலைக்கு மெஸ்கீட் மரத்தை விரும்பித் தேடினார்கள். டெக்சாஸின் பல பகுதிகளில் புதர்க்காடாக வளர்ந்து கிடக்கும் அதே மெஸ்கீட்தான். ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் நிலத்தை நிரப்பியிருக்கும் சீமைக் கருவேலம் அதன் நெருங்கிய உறவு. அடி தாங்கும் அடர்த்தியான மரம் என்பது இரண்டுக்கும் பொது.

இப்போது அறிவியலுக்கு வருவோம். நார் அடைத்த இடுக்கு எப்படி நீரைத் தடுக்கிறது? முழு விடை தண்ணீரிலேயே இருக்கிறது.

மரம் நீரை உறிஞ்சினால் அகலத்தில் பருக்கும். நீளத்தில் ஏறக்குறைய மாறாது. மரத்தின் செல்கள் நீளவாக்கில் அடுக்கிய குழாய்கள். அவற்றின் சுவர்களில் உள்ள செல்லுலோஸ் இழைகளும் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. நீர் மூலக்கூறுகள் அந்த இழைகளுக்கு இடையில் புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. அதனால் கரையில் காய்ந்திருந்த 20 சென்டிமீட்டர் அகலப் பலகை கடலில் இறங்கியதும் சில மில்லிமீட்டர் அகன்றுவிடும். அகன்ற பலகைகள் இருபுறமிருந்தும் நாரை நெருக்கும். நாரும் செல்லுலோஸ்தான், அதுவும் நனைந்து பருக்கும். வெளியிலிருந்து கடலின் அழுத்தம் நாரை உள்நோக்கித் தள்ளும். பள்ளமோ உள்ளே போகப் போகக் குறுகுவதால், தள்ளத் தள்ள நார் இன்னும் இறுகும். கப்பலை மூழ்கடிக்க வேண்டிய அதே அழுத்தம் அடைப்பைக் காக்கும் காவலாக மாறிவிடுகிறது.

புதிதாக இறக்கிய மரப்படகு முதலில் கசிவதற்கும், ஓரிரு நாள் கடலில் ஊறிய பிறகு தானே நின்றுவிடுவதற்கும் காரணம் இதுதான். அனுபவமுள்ளவர்கள் அந்தக் கசிவைக் கண்டு பயப்படுவதில்லை. இறைத்துக்கொண்டே காத்திருப்பார்கள். நேர்மாறான ஆபத்தும் உண்டு. காய்ந்த பலகைகளுக்கிடையே நாரை அளவுக்கு மீறி இறுக்கி அடித்துவிட்டால், பலகைகள் பருக்கும்போது இடம் போதாமல் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும். உள்ளே விலா எலும்பு போல நிற்கும் வங்குக்கால்களையே உடைக்கும். இன்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை, நாளை மரம் எவ்வளவு பருக்கும் என்று ஊகித்து முடிவு செய்ய வேண்டும். கொட்டாப்புளியின் ஒலியைக் கேட்டு நிறுத்துவதன் அருமை இப்போது விளங்கும்.

நார் செய்யும் இன்னொரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. அலையின் மேல் ஏறி இறங்கும் கப்பல் ஓயாமல் வளைகிறது. அலை நடுவில் வந்தால் இரு முனைகளும் தொங்கும். முனைகளில் வந்தால் நடு தொய்யும். அப்படி வளையும்போது அடுத்தடுத்த பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கப் பார்க்கும். ஒரு சீட்டுக்கட்டைக் கையில் பிடித்து வளைத்தால் சீட்டுகள் வழுக்கி நகர்வது போல. இடுக்கில் இறுகிய நார் அந்த வழுக்கலை உராய்வால் தடுக்கிறது. தனித்தனிப் பலகைகள் சேர்ந்து ஒரே ஓடாக நின்று வளைவை எதிர்க்கின்றன. கலப்பற்று தளர்ந்த கப்பல் ஒழுகுவதோடு நிற்காது, உடம்பே தளர்ந்துபோகும். ஆக, கப்பலின் வலிமையில் ஒரு பங்கு அதிலேயே மிக மென்மையான பொருளிடம் இருக்கிறது.

டெக்சாஸின் காப்பெல் நகரில் வாழும் நமக்கு இதையெல்லாம் கண்ணால் பார்க்க வாய்ப்பு உண்டா? உண்டு. கடல் இங்கிருந்து 300 மைல் தள்ளி இருந்தாலும், கப்பல்களின் வரலாறு அவ்வளவு தொலைவில் இல்லை. நம் ஊரை ஒட்டி ஓடும் டிரினிட்டி ஆற்றின் எல்ம் கிளை கடைசியில் போய்ச் சேருவது கால்வெஸ்டன் விரிகுடாவில்தான். தெற்கே மூன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் ஆஸ்டின். அங்கே புல்லக் டெக்சாஸ் மாநில வரலாற்று அருங்காட்சியகத்தில் 1680களில் பிரான்ஸில் கட்டிய ஒரு கப்பலின் உடல் இருக்கிறது.

அதன் பெயர் லா பெல். மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தில் குடியேற்றம் அமைக்க ராபர்ட் டி லா சால் 1684-இல் நான்கு கப்பல்களோடு பிரான்ஸிலிருந்து புறப்பட்டார். முகத்துவாரத்தைத் தவறவிட்டு டெக்சாஸ் கரைக்கு வந்து சேர்ந்தார். கடைசியாக எஞ்சிய லா பெல் 1686-இல் மாட்டகோர்டா விரிகுடாவில் புயலில் தரைதட்டி மூழ்கியது. 300 ஆண்டுகளுக்கு மேல் கழித்து 1995-இல் டெக்சாஸ் வரலாற்று ஆணையத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். கப்பலைச் சுற்றி விரிகுடாவுக்குள்ளேயே இரட்டை இரும்புச் சுவர் எழுப்பி, உள்ளிருந்த நீரை இறைத்து வெளியேற்றி, கடலடியை உலர்ந்த தரையாக்கித் தோண்டினார்கள்.

ஓக் மரத்தில் கட்டிய அந்தக் கப்பலின் அடிப்பாகம், மொத்தத்தில் சுமார் 40 சதவீதம், சேற்றுக்குள் தப்பியிருந்தது. சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதியைக் கப்பல்புழுக்கள் தின்று தீர்த்துவிட்டன. சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அங்கே புழுவும் வாழாது, மரத்தையும் நாரையும் மக்கவைக்கும் பூஞ்சையும் வாழாது. அதனால் கப்பலின் கயிற்றுச் சுருள்கூட அப்படியே கிடைத்தது. கனமான நங்கூரக் கயிறு, சுருட்டி வைத்த நிலையிலேயே. அதன்மேல் ஒரு மாலுமியின் எலும்புக்கூடும் கிடந்தது. அவரை 2004-இல் ஆஸ்டினிலுள்ள மாநிலக் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். உலர விட்டால் சுருங்கி நொறுங்கிவிடும் அந்த மரத்தை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பாலிஎத்திலீன் கிளைக்காலில் ஊறவைத்து, உறையவைத்து உலர்த்திக் காப்பாற்றினார்கள். மரத்துக்கும் நீருக்கும் உள்ள உறவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இந்தப் பாதுகாப்பு வேலையே சான்று. கப்பல் மிதந்த காலத்தில் அதைக் காத்ததும் நீர். அது மூழ்கியபின் அதன் செல்களைத் தாங்கி நின்றதும் நீர்.

நாரைப் பிரித்த கைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. தார் ஏறி இறுகிய கயிற்றை விரலால் கிழிப்பது நகக்கண்ணைப் புண்ணாக்கும் வேலை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதைச் சிறைக் கைதிகளிடமும், ஏழை விடுதிகளில் ஒதுங்கியவர்களிடமும் சுமத்தினார்கள். ஆண், பெண், முதியவர் என்று பேதமில்லை. அன்றைய எடைக்கு நார் பிரித்தாக வேண்டும். உலகப் பெருங்கடல்களை ஆண்ட கடற்படையின் இடுக்குகளில் அந்த விரல்களின் வலி செருகப்பட்டிருந்தது.

நாரைத் தண்டனையாக்கும் வழக்கம் பிரிட்டிஷ் இந்தியச் சிறைகளிலும் இருந்தது. அந்தமான் செல்லுலார் சிறையில் கைதிகள் காய்ந்த தேங்காய் மட்டையை அடித்து நாரெடுத்தார்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கோவைச் சிறையில் முதலில் விட்டது சணல் கிழிக்கும் இயந்திரத்தில்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. செக்கிழுக்க விட்டது அதற்குப் பிறகு. செக்கை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். கப்பல் விட்ட மனிதரின் கையை நாரால் கிழித்ததையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் உளியைப் பிடித்த கைகள் பல கறுப்பினத்தவருடையவை. அடிமை முறைக்கு எதிராக உலகறியப் பேசிய பிரெடெரிக் டக்ளஸ், பால்டிமோர் பட்டறைகளில் கலப்பற்றுத் தொழில் கற்றவர். 1830களில் அந்தத் தொழிலில் கிடைக்கும் உயர்ந்த கூலியையே சம்பாதித்தார். ஆனால் அடிமையாக இருந்ததால் சம்பளத்தை எசமானனிடம் கொடுக்க வேண்டியிருந்தது. 1838-இல் தப்பி நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்துக்கு வந்தபோது, வெள்ளைத் தொழிலாளர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்ய மறுப்பார்கள் என்று சொல்லி அந்த வேலையைத் தரவில்லை. மரம் அறுத்தும் சுமை தூக்கியும் பிழைத்தார். உள்நாட்டுப் போர் முடிந்தபின் பால்டிமோரிலும் கறுப்பினக் கலப்பற்றுக்காரர்களைப் பட்டறைகளிலிருந்து விரட்டினார்கள். அவர்களுள் ஒருவரான ஐசக் மையர்ஸ் தம் மக்களிடம் பங்குப் பணம் திரட்டி, 1866-இல் சொந்தமாகவே ஒரு கப்பல் பட்டறையைத் திறக்க முன்னின்றார். கைத்திறனைப் பறிக்க முடியாது என்பதற்கு அந்தப் பட்டறை சான்றாக நின்றது.

நம் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் இதே இடுக்குச் சிக்கலுக்கு வேறொரு விடை இருந்தது: தைத்துவிடுவது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில்தான் கரையேறினார்கள். கரையை ஒட்டி மடிந்து உடையும் அலைகள் ஆணி அடித்த படகைச் சில முறை மோதினாலே பிளந்துவிடும். மசூலாவில் ஆணியே கிடையாது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இடுக்கின்மேல் நாரையோ வைக்கோலையோ திரித்து வைத்து, அதையும் சேர்த்துத் தேங்காய்க் கயிற்றால் இறுக்கித் தைத்தார்கள். அலை அடித்தால் படகு நெளியும், நெளிந்து மீளும்.

அந்த வேலைக்குத் தேங்காய் நாரைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கடினம். அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் லிக்னின். மரத்துக்கு விறைப்பைத் தரும் அந்தப் பொருள் கிருமிகளுக்கு எளிதில் செரிக்காது. மட்டையை மாதக்கணக்கில் காயல் நீரில் ஊறப்போடும்போது கிருமிகள் இழைகளைப் பிணைத்திருக்கும் பசையைத் தின்றுவிட்டு இழைகளை விட்டுவிடுகின்றன. அவை தின்ன முடியாமல் விட்டதுதான் நமக்குக் கிடைக்கும் நார். கடல்நீரில் எளிதில் மக்காததும் அதனால்தான். ஹெம்ப் நார் சில சதவீதம் நீண்டதும் அறுந்துபோகும். தேங்காய் நார் அதைவிடப் பல மடங்கு நீண்டு கொடுக்கும்.

தையல் கப்பல்கள் அலைக்கரைக்கு மட்டும் ஏற்றவை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தோனேசியாவின் பெலிட்டுங் தீவருகே 1998-இல் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் தையல் கப்பல். அதன் மாதிரியில் கட்டிய ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ 2010-இல் ஓமானிலிருந்து சிங்கப்பூர் வரை ஓடிக் காட்டியது. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘கவுண்டின்யா’வும் அஜந்தா ஓவியத்தை ஆதாரமாக வைத்து, தேங்காய்க் கயிற்றால் தைத்துக் கட்டியது. அந்தத் தையலை இன்னும் கைவசம் வைத்திருந்தவர்கள் கேரளக் கைவினைஞர்கள். ஆலப்புழையின் கெட்டுவள்ளப் படகுகள் அந்தத் தொழிலை அணையாமல் காத்து வந்தன.

பின்னாளில் ஆணி அடித்த கப்பல்களையும் நம்மவர்கள் திறமையாகக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறை அதற்குப் பேர்போனது. அங்கே வேப்ப மரத்தில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 89 அடி நீளம், ஏறத்தாழ 27 மீட்டர். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கணக்குக்கு எடுத்துக்கொண்ட நீளம் அதனுடையதுதான். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதன் அழகில் மயங்கி வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு புறப்பட்டார்கள். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல் என்று கடந்து 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது அந்தக் கப்பல். தமிழர்கள் கட்டிய கப்பல் ஒன்று பாய் விரித்து அமெரிக்கா வந்து சேர்ந்தது. வழியெல்லாம் அதன் இடுக்குகள் பிடித்து நின்றன. அவற்றை அடைத்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் பெரிதாக இல்லை. அவர்களுடைய வேலையின் தரத்துக்கு அட்லாண்டிக்கே சாட்சி.

இரும்புக் கப்பல் வந்தபின் நாரின் தேவை சுருங்கியது, மறையவில்லை. கால்வெஸ்டன் துறைமுகத்தில் நிற்கும் ‘எலிசா’ 1877-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கட்டியது. உடல் இரும்பு, மேல்தளம் மரம். 2011-இல் அதன் அடிப்பாகம் அரித்திருப்பது தெரிந்து, தகடுகளை மாற்றியபோது மேல்தளத்தையும் டக்ளஸ் ஃபர் மரத்தில் புதிதாகப் போட்டார்கள். அங்கே போகிறவர்கள் பாய்மரத்தை நிமிர்ந்து பார்த்த பிறகு கொஞ்சம் குனிந்து தளத்தையும் பாருங்கள். பலகைகளுக்கிடையே நேர்கோடாக ஓடும் அடைப்புகளில் இந்தக் கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கிறது. டாலஸின் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் குழாய்க்காரர்களும் இந்த நாரை அறிவார்கள். வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்களின் மூட்டுகளில் ஓக்கத்தைத் திணித்து, மேலே காய்ச்சிய ஈயத்தை ஊற்றிய காலம் ஒன்று இருந்தது. நனைந்தால் பருத்து அடைக்கும் என்ற அதே குணம்தான் அங்கேயும் உதவியது.

இந்தத் தொழில் கற்றுத் தரும் பாடம் ஒன்றுதான். இடுக்கே இல்லாத கப்பலைக் கட்ட யாரும் முயலவில்லை. மரம் அசையும், கடல் அசையும் என்று ஏற்றுக்கொண்டு, கூடவே அசைந்து கொடுக்கும் ஒன்றை நடுவில் வைத்தார்கள். பிறகு அதைக் காலாகாலத்தில் தோண்டி எடுத்துப் புதுப்பித்தார்கள். ஒரு முறை அடைத்துவிட்டு மறந்துபோன கப்பல் எதுவும் நெடுநாள் மிதந்ததில்லை.

அந்த அறிவு புத்தகத்தைவிடக் கையிலும் காதிலும்தான் அதிகம் இருந்தது. காப்பெலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வல்வெட்டித்துறை, தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர் பக்கத்துக் குடும்பங்கள் இருக்கக்கூடும். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ தோணியில் போனவராகவோ தோணி கட்டியவராகவோ இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது கேளுங்கள். இடுக்கில் வைத்தது பஞ்சா, தேங்காய் நாரா? இடுக்கின்மேல் பூசும் குங்கிலியத்தை எந்த எண்ணெயில் காய்ச்சினார்கள்? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கரையேற்றிப் புதுப்பித்தார்கள்? போதும் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள்; முடிந்தால் குரலையும் பதிந்து வையுங்கள். அட்லாண்டிக்கைக் கடக்க ஒரு கப்பலுக்குத் தேவைப்பட்ட அறிவில் பாதி அந்த விடைகளில் இருக்கிறது.